பாசியின் மகரந்தப்பை: ஒரு பிழையின் வரலாறும் திருத்தமும்

ஆய்வுச்சுருக்கம்

மாஸ் வகைச் செடிகளின் உச்சியில் காம்புடன் நிற்கும் வித்துப்பையைப் பூக்கும் தாவரங்களின் மகரந்தப்பைக்கு இணையானதாக டில்லேனியஸும் லின்னேயஸும் கொண்டனர். அரை நூற்றாண்டுக் காலம் நிலவிய அக்கருத்தை ஜெர்மானிய மருத்துவரான யோஹன் ஹெட்விக் மறுத்தார். அடுத்த நூற்றாண்டில் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் அம்மறுப்புக்கு முழு விளக்கம் அளித்தார். பிழை நீடித்ததற்குக் கருவிக்குறையைக் காட்டிலும் ஒப்புமைச் சிந்தனையே காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. பிழையெனத் தள்ளப்பட்ட கருத்தில் அடங்கியிருந்த எதிர்பாராத உண்மையையும், லாகூரில் சிவராம் காஷ்யப் முன்வைத்த கோட்பாட்டையும் இதன் தொடர்ச்சியாக ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மாஸ், லிவர்வொர்ட், பூவாத் தாவரம், வித்துப்பை, சந்ததி மாற்றம், ஹெட்விக், ஹோஃப்மைஸ்டர், காஷ்யப்

முன்னுரை

தமிழில் பாசி என்னும் சொல் குளத்துநீரில் படரும் பசுமையையும் ஈரச்சுவரில் படியும் பசுமையையும் ஒருங்கே குறிக்கிறது. இன்றைய தாவரவியல் முன்னதை ஆல்கா என்றும் பின்னதில் பெரும்பகுதியை மாஸ் என்றும் பிரிக்கும். இவ்விரண்டையும் ஒரு சொல்லால் வழங்குவது பேச்சுவழக்கின் குறை என்று கருதவேண்டியதில்லை. 1741இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளிவந்த 'ஹிஸ்டோரியா மஸ்கோரம்' என்னும் நூல், தலைப்பில் மாஸ்களின் வரலாறு என்று சொல்லிக்கொண்டாலும், மாஸ், லிவர்வொர்ட், லைக்கன், ஆல்கா, லைக்கோப்போடியம் ஆகிய அனைத்தையும் தன்னுள் அடக்கியது. பூவும் காயும் இல்லாத சிறு பசுமைகள் யாவும் ஒரே குவியலாகவே கற்றோர்க்கும் தோன்றின.

அக்குவியல் எவ்வாறு பிரிக்கப்பட்டது என்பதை வகைப்பாட்டு நூல்கள் பெயர்களின் பட்டியலாகத் தருகின்றன. அதனினும் அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. ஒரு விரற்கடை உயரமே உள்ள இச்செடியில் ஆண் உறுப்பு எது, பெண் உறுப்பு எது, விதை எது? மாஸ் ஆய்வு தனித் துறையாக உருவானது இக்கேள்விக்கு விடை தேடியபோதுதான்.

மிக்கேலி கண்டவை

ஃபிளாரன்ஸ் நகரில் வறிய குடும்பத்தில் 1679இல் பிறந்த பியர் அந்தோனியோ மிக்கேலி பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர். தாமே இலத்தீன் கற்றுத் தாவரவியலுக்கு வந்தவர். 1729இல் அவர் வெளியிட்ட 'நோவா பிளாண்டாரம் ஜெனரா' சுமார் 1,900 தாவரங்களை விவரிக்கிறது. காளான் ஆய்வின் தொடக்கநூலாகவே அது பெரிதும் நினைக்கப்படுகிறது. பூஞ்சைத் தூளை முலாம்பழத் துண்டின்மீது தூவி, அதிலிருந்து அதே பூஞ்சை முளைப்பதை அவர் காட்டினார்.

அந்நூலின் 108 படத்தகடுகளில் மாஸ்களும் லிவர்வொர்ட்டுகளும் இடம்பெற்றுள்ளன. மாஸ் செடியின் இலைக்கொத்துக்குள் மறைந்திருக்கும் கதைவடிவான சிறு பைகளையும் அவற்றிடையே நிற்கும் நூலிழைகளையும் மிக்கேலி கண்டு வரைந்தார். இன்று ஆந்தரிடியம் என்று வழங்கப்படும் ஆண் உறுப்புகளே அப்பைகள். ஆனால் அவற்றின் பணி யாது என்பதை அவர் தெளிவுபடுத்தவில்லை. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் மருத்துவப் பேராசிரியராயிருந்த கசிமிர் கிறிஸ்டோப் ஷ்மிடெல் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லிவர்வொர்ட்டுகளின் இத்தகைய உறுப்புகளை நுட்பமாகப் படம்பிடித்துக் காட்டினார்.

எனவே ஹெட்விக் பிறப்பதற்கு முன்பே ஆந்தரிடியம் அச்சேறிவிட்டது. பின்வந்த அரை நூற்றாண்டுப் பிழைக்கு நுண்ணோக்கியின் திறன் குறைவே காரணம் என்று சொல்லும் வழக்கமான விளக்கம் இதனால் வலுவிழக்கிறது. உறுப்பு கண்ணுக்குத் தெரிந்தது. அதை இன்னதென்று அறியும் வழிதான் தெரியவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டும் உப்சாலாவும்

யோஹன் யாக்கோப் டில்லேனியஸ் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்தவர். கீஸன் நகரைச் சூழ்ந்த பகுதியின் தாவரங்களைப் பற்றிய அவருடைய தொடக்கநூலிலேயே மாஸ்கள் சிறப்பிடம் பெற்றன. அந்நூலால் கவரப்பட்ட வில்லியம் ஷெரார்ட் 1721இல் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துவந்தார். ஷெரார்டின் அறக்கொடையால் ஆக்ஸ்ஃபோர்டில் ஏற்பட்ட தாவரவியல் இருக்கையின் முதற்பேராசிரியராக டில்லேனியஸ் 1734இல் அமர்ந்தார். 'ஹிஸ்டோரியா மஸ்கோரம்' நூலின் 85 தகடுகளையும் அவரே வரைந்து அவரே செதுக்கினார். அதற்கு ஆதாரமான உலர்செடிகள் இன்றும் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ளன. படமும் செடியும் ஒருங்கே எஞ்சியிருப்பதால், 280 ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் எந்தச் செடியைக் குறித்தார் என்பதைப் பெரும்பாலும் ஐயமின்றிச் சொல்ல முடிகிறது. அக்காலத் தாவரவியலார் பலருக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை.

இவ்வளவு கவனமுள்ளவர்தாம் பிழையும் செய்தார். மாஸின் உச்சியில் மெல்லிய காம்பொன்றின் மீது சிறு பேழை நிற்கிறது. முதிர்ந்ததும் அதன் மூடி கழன்று மஞ்சளும் பசுமையும் கலந்த தூள் வெளிப்படுகிறது. பூவின் மகரந்தக்காம்பும் பையும் தூளும் டில்லேனியஸின் நினைவுக்கு வந்தன. காம்பு, பை, தூள் என மூன்றும் பொருந்தியதால் பேழையை மகரந்தப்பை என்றும் தூளை மகரந்தம் என்றும் அவர் முடிவு செய்தார்.

லின்னேயஸ் இம்முடிவை ஏற்றார். 1736இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து டில்லேனியஸைக் கண்ட அவர் தம் 'கிரிட்டிகா பொட்டானிகா' நூலை அவருக்குக் காணிக்கையாக்கினார். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வளரும் டில்லேனியா மரத்தின் பேரினப்பெயர் இவர் நினைவாக வைக்கப்பட்டதே. லின்னேயஸின் வகைப்பாடு முழுவதும் மகரந்தத்தாள், சூலகம் ஆகியவற்றின் எண்ணிக்கையில் நின்றது. 24ஆம் வகுப்பாகிய கிரிப்டோகேமியா, அதாவது மறைமணத் தாவரங்கள், எண்ணிக்கைக்கு அகப்படாதவற்றின் தொகுதி. அங்கும் மகரந்தப்பை ஒன்று இருந்தேயாக வேண்டும் என்பது அம்முறையின் உள்ளார்ந்த எதிர்பார்ப்பு. 1753இல் வெளிவந்த 'ஸ்பீஷிஸ் பிளாண்டாரம்' காலத்து மாஸ் பேரின இலக்கணங்களில் வித்துப்பை 'மூடியுள்ள மகரந்தப்பை' என்றே வழங்கப்பெற்றது. மார்க்கான்ஷியா போன்ற லிவர்வொர்ட்டுகளோ ஆல்காக்களோடு வைக்கப்பட்டன.

வித்துப்பை ஆண் உறுப்பானால் பெண் உறுப்பு வேறெங்கேனும் இருக்கவேண்டும். பொலிட்ரிக்கம் செடிகள் சிலவற்றின் உச்சியில் இலைகள் விண்மீன் வடிவாக விரிகின்றன. அவ்விலைத்தட்டை லின்னேயஸ் பெண்பூவாகக் கொண்டார். உண்மையில் ஆந்தரிடியங்கள் திரள்வது அங்கேதான். ஒரு தவறான தொடக்கத்திலிருந்து முறைப்படி நடந்து, ஆணைப் பெண்ணாகவும் பெண்ணின் விளைவை ஆணாகவும் தலைகீழாக்கிய முடிவை அவர் அடைந்தார். 1750இல் உப்சாலாவில் அவர் மேற்பார்வையில் எழுந்த ஆய்வேட்டின் தலைப்பு 'மாஸ் விதைகள் கண்டறியப்பட்டன' என்பதாகும். 1777இல், மகரந்தச் சேர்க்கையின் கலப்பினச் சோதனைகளால் புகழ்பெற்ற கோல்ராய்ட்டர் பூவாத் தாவரங்களின் மறைபொருள் வெளிப்பட்டது என்று தலைப்பிட்டு நூல் எழுதினார். இரு தலைப்புகளும் அறிவித்த வெற்றி உள்ளே இல்லை.

கெம்னிட்ஸ் நகரத்து மருத்துவர்

யோஹன் ஹெட்விக் 1730இல் திரான்சில்வேனியாவின் குரோன்ஸ்டாட் நகரில் பிறந்தார். இன்று ருமேனியாவிலுள்ள பிரஷோவ் நகரமே அது. லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பயின்று 1759இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆனால் ஆஸ்திரியப் பட்டம் இல்லாதவர் குரோன்ஸ்டாட்டில் மருத்துவம் பார்க்க இயலாது என்பது அன்றைய விதி. சொந்த ஊர் அடைபட்டதால் சாக்சனியின் கெம்னிட்ஸ் நகரில் தொழில் தொடங்கிய அவர் 20 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே தங்கினார். நோயாளிகளைப் பார்க்கச் செல்லும் முன் விடியற்காலையில் செடி சேகரிப்பதும், மாலையில் அவற்றை ஆராய்வதும் அவர் வழக்கமாயின. பூக்கும் தாவரங்கள் நன்கு ஆராயப்பட்டுவிட்டமையால் மாஸ்களையும் புற்களையும் போன்ற கடினமானவற்றின்மீது அவர் கருத்து சென்றது. நண்பர் ஒருவர் தந்த சிறு நுண்ணோக்கியில் தொடங்கி, பின்னர் அதனினும் திறன்மிக்க கருவியைப் பெற்றார். வரையும் பயிற்சியோ அவருக்கு நாற்பது வயதளவில்தான் கிட்டியது.

1774இல் பிரையம் பல்வினேட்டம் என்று அன்று வழங்கிய செடியை அவர் நீர்த்துளியில் வைத்து நோக்கினார். இன்று அது கிரிம்மியா பேரினத்தைச் சேர்ந்தது. இலைக்கொத்துக்குள் இருந்த கதைவடிவப் பையொன்று நுனியில் வெடித்து உட்பொருளை வெளியேற்றியது. மிக்கேலி வரைந்த உறுப்புதான் இது. மிக்கேலியிடம் அது ஒரு வடிவமாக மட்டுமே இருந்தது. ஹெட்விக் அதைச் செயலில் கண்டார்.

எனினும் இவ்வொரு காட்சியால் மட்டும் வாதம் முடிந்துவிடவில்லை. ஹெட்விக்கின் பெருமை காட்சியைவிட அவர் கட்டிய நிறுவலில் உள்ளது. முதலில், வித்துப்பையின் தூளை விதைத்து அது முளைப்பதைக் கண்டார். மெல்லிய பச்சை இழைகளாகத் தொடங்கி அவற்றின்மீது புதிய மாஸ் செடிகள் தோன்றின. மகரந்தம் முளைத்துச் செடியாவதில்லை. ஆகவே தூள் மகரந்தமன்று. அதைத் தாங்கிய பை மகரந்தப்பையும் அன்று. அடுத்து, குப்பிவடிவான மற்றோர் உறுப்பின் வளர்ச்சியை அவர் படிப்படியாகத் தொடர்ந்தார். இதுவே பிற்காலத்தில் ஆர்க்கிகோனியம் எனப் பெயர் பெற்றது. அக்குப்பியின் அடிப்பகுதி பருத்து, அதனுள்ளிருந்து காம்பும் வித்துப்பையும் எழுகின்றன. கிழிந்த மேற்பகுதி வித்துப்பையின் தலையில் குல்லாயாக எஞ்சுகிறது. எனவே குப்பி பெண் உறுப்பு, வித்துப்பை அதன் கனி. எஞ்சிய கதைவடிவப் பை ஆண் உறுப்பாக இருப்பது மட்டுமே பொருந்தும்.

இக்கண்டுபிடிப்புகள் 1782–83இல் 'ஃபண்டமெண்டம்' என்று சுருக்கி வழங்கப்படும் இரு பகுதி நூலாக லைப்சிக்கில் வெளிவந்தன. பூவாத் தாவரங்களின் இனப்பெருக்கம் குறித்துச் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியற் கழகம் பரிசுக்கேள்வி விடுத்திருந்தது. ஹெட்விக்கின் 'தியோரியா ஜெனரேஷியோனிஸ்' 1783இல் அப்பரிசைப் பெற்று மறுவருடம் அச்சாயிற்று. 1781இல் லைப்சிக்குக் குடியேறியிருந்த அவர் 1786இல் அங்கு மருத்துவப் பேராசிரியராகவும், 1789இல் தாவரவியல் பேராசிரியராகவும் தோட்டத்தின் பொறுப்பாளராகவும் ஆனார். பல்கலைக்கழகப் பதவி வந்தபோது அவருக்கு 55 வயது கடந்திருந்தது. அவரை நிலைநிறுத்திய ஆய்வு ஏற்கெனவே முடிந்துவிட்டது.

பெயர்முறைக்கு ஒரு தொடக்கநாள்

வித்துப்பை கனி என்று தெளிந்ததும் வகைப்பாட்டிலும் மாற்றம் வந்தது. மூடி கழன்ற வாயைச் சுற்றிப் பெரிஸ்டோம் என்னும் பற்கள் வரிசையாக நிற்கின்றன. அவை ஈரத்திற்கேற்ப அசைந்து தூள் வெளியேறுவதை ஒழுங்குபடுத்துகின்றன. பேரினங்களுக்கேற்ப அவற்றின் எண்ணிக்கையும் அமைப்பும் வேறுபடுகின்றன; 4, 16, 32, 64 என்னும் எண்கள் பெரிதும் காணப்படும். ஹெட்விக் இப்பற்களையே பேரினப் பகுப்புக்கு முதன்மை அடையாளமாக்கினார். உயிர்ப்புள்ள கனியின் ஓர் உறுப்பை அடிப்படையாகக் கொண்டதால் இப்பகுப்பு இலை, கிளை, வாழிடம் ஆகியவற்றைக் கொண்டு செய்த பழைய பகுப்புகளை எளிதில் விஞ்சியது.

1799இல் அவர் மறைந்தார். எஞ்சிய கையெழுத்துப் பிரதியை மாணவர் ஷ்வேக்ரிக்கன் 77 வண்ணத் தகடுகளோடு 1801இல் 'ஸ்பீஷிஸ் மஸ்கோரம் ஃப்ரொண்டோசோரம்' எனப் பதிப்பித்தார். தாவரப் பெயரிடலின் பன்னாட்டு விதிகள் பொதுவாக லின்னேயஸின் 1753ஆம் ஆண்டு நூலைத் தொடக்கமாகக் கொள்கின்றன. ஸ்பேக்னம் குடும்பம் நீங்கலான மாஸ்களுக்கு மட்டும் தொடக்கநாள் 1801 ஜனவரி 1. லிவர்வொர்ட்டுகள் இன்றும் 1753ஐயே பின்பற்றுகின்றன. ஒரு பெருந்தொகுதிக்கு லின்னேயஸின் பெயர்கள் சட்டப்படி கணக்கில் வாராமல் போனது, ஒரு நகர மருத்துவரின் விடியற்காலைகள் பெற்றுத்தந்த அரிய தீர்ப்பு எனலாம்.

தமிழ்நாட்டு மலைகளின் மாஸ்கள் அச்சேறிய வரலாறும் இந்தப் பெயர்முறையின் வழியிலேயே செல்கிறது. பெரோத்தே நீலகிரியில் திரட்டிய பூவாத் தாவரங்களைப் பாரிஸில் ஆராய்ந்து 1842இல் வெளியிட்டவர் காமில் மோந்தாஞ். அவர் பிரெஞ்சுப் படை மருத்துவராயிருந்தவர். பழனிமலையின் மாஸ்களைப் பல்லாண்டு சேகரித்தவர் செண்பகனூர் இயேசு சபைக் குரு ஜார்ஜ் ஃபோரோ. அவருடைய பழனிமலை மாஸ் தொகுதி 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. மருத்துவர், குருமார் எனப் பிற தொழிலாளர் இத்துறையில் மிகுந்து காணப்படுவதற்கு எளிய காரணம் உண்டு. மாஸ் காய்ந்தாலும் வடிவம் கெடாது. காகித உறையில் அடங்கும். ஆண்டுகள் கழித்து நீரில் நனைத்தால் இலை மீண்டும் விரியும். ஓய்வுநேர ஆய்வுக்கு இதனினும் ஏற்ற செடி அரிது.

ஹெட்விக்கின் எல்லை

ஹெட்விக்கைக் குறையற்றவராகக் காட்டுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. மகரந்தப்பை என்ற ஒப்புமையை உடைத்த அவரே பிற ஒப்புமைகளைக் கைவிடவில்லை. வித்துத்தூளை அவர் விதை என்றே அழைத்தார். அது முளைக்கும்போது தோன்றும் பச்சை இழைகளை, இன்று புரோட்டோனீமா எனப்படுவதை, விதையிலைகளாகக் கொண்டார். மாஸில் தாம் கண்ட ஆண் உறுப்பு பூவாத் தாவரம் அனைத்திலும் இருந்தாக வேண்டும் என்று கருதிப் பெரணிகளிலும் காளான்களிலும் தேடினார். பெரணியின் இளம் இலையிலுள்ள சுரப்பிமயிர்கள் அவருக்கு ஆண் உறுப்புகளாகத் தோன்றின. பெரணியின் இனப்பெருக்க உறுப்புகள் இலையில் இல்லை. வித்து முளைத்துத் தோன்றும் நகமளவான தகட்டில் உள்ளன என்பது 1840களில் நேகெலியும் லெஷிட்ஸ்-சுமின்ஸ்கியும் காணும்வரை தெரியவில்லை. லின்னேயஸை வழிதவறச் செய்த அதே எதிர்பார்ப்பு, வேறோர் உருவில், ஹெட்விக்கிடமும் வேலை செய்தது.

ஆந்தரிடியத்திலிருந்து வெளிவந்த பொருளில் என்ன இருந்தது என்பதையும் அவருடைய கருவி முழுமையாகக் காட்டவில்லை. 1834இல் ஃபிரான்ஸ் உங்கர் ஸ்பேக்னம் செடியின் நீந்தும் ஆண் செல்களை விவரித்தபோது ஹெட்விக்கின் வாதம் கண்ணெதிரே உறுதிப்பட்டது.

இசைநூல் பதிப்பாளரின் மகன்

அதே லைப்சிக் நகரில் 1824இல் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் பிறந்தார். தந்தை இசைநூல் பதிப்பாளர், தாவரவியலிலும் ஈடுபாடுடையவர். மகன் பல்கலைக்கழகம் செல்லாமல் தந்தையின் தொழிலில் சேர்ந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, கடை திறக்கும் முன் நுண்ணோக்கியில் அமர்வது அவர் பழக்கம். கடுமையான கிட்டப்பார்வை உடையவராயினும் நுண்ணிய செடியுறுப்புகளைக் கையால் சீவி எடுப்பதில் அவருக்கு இணையில்லை. 1849இல் பூக்கும் தாவரங்களின் கரு மகரந்தக்குழாயின் நுனியிலிருந்து உருவாவதாக ஷ்லைடன் கூறியதை மறுத்து, சூலிலுள்ள முட்டை செல்லிலிருந்தே அது தோன்றுகிறது என்று காட்டினார். 1851இல், 27ஆம் வயதில், உயர்நிலைப் பூவாத் தாவரங்களைக் கூம்புக்கனி மரங்களோடு ஒப்பிடும் பெருநூலை வெளியிட்டார். அவ்வாண்டே ராஸ்டாக் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. முறையான பட்டம் ஏதும் பெறாத அவர் 1863இல் ஹைடல்பர்கிலும் 1872இல் டூபிங்கனிலும் பேராசிரியரானார்.

நூலின் மையக்கருத்து இது. மாஸின் வாழ்க்கை இரண்டு தலைமுறைகளின் மாறிமாறி வரும் தொடர். வித்து முளைத்து இலையுள்ள பசுஞ்செடியாகிறது. அச்செடியில் ஆண், பெண் உறுப்புகள் தோன்றுகின்றன. இதுவே கேமீட்டகத் தாவரம். கருவுற்ற முட்டை தாய்ச்செடியின்மீதே வளர்ந்து காம்பும் வித்துப்பையும் ஆகிறது; இது வித்தகத் தாவரம். ஆகவே வித்துப்பை மாஸ் செடியின் உறுப்பன்று. அதன்மேல் ஒட்டிவாழும் அடுத்த தலைமுறைச் செடி. டில்லேனியஸ் மகரந்தப்பை என்றதும் ஹெட்விக் கனி என்றதும் ஒரே செடியின் உறுப்பு என்னும் எடுகோளில் நின்றவை. கேள்வியின் அடித்தளமே இப்போது மாறிற்று.

பெரணியில் இதே இரு தலைமுறைகள் உண்டு. ஆனால் அளவு தலைகீழ். கண்ணுக்குத் தெரியும் பெரணி வித்தகத் தாவரம்; கேமீட்டகத் தாவரமோ நகமளவுத் தகடு. கூம்புக்கனி மரங்களில் அது மேலும் சுருங்கிச் சூலுக்குள் அடங்கிவிடுகிறது. மறைமணத் தாவரம், பூக்கும் தாவரம் என்ற லின்னேயஸின் பெருஞ்சுவர் இங்கே இடிந்தது. டார்வினின் 'ஆரிஜின்' வெளிவருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, பரிணாமம் என்ற சொல் இன்றி, தாவர உலகின் ஒரு தொடர்ச்சி காட்டப்பட்டுவிட்டது. விதைத்தாவரங்களிலும் நீந்தும் ஆண் செல்கள் இருக்கக்கூடும் என்று ஹோஃப்மைஸ்டர் கருதியிருந்தார். 1896இல் டோக்கியோவில் ஹிரசே கிங்கோ மரத்தில் அவற்றைக் கண்டார். ஹிரசே அப்பல்கலைக்கழகத்தில் படம் வரைபவராகப் பணிக்கு வந்தவர்.

பிழையின் உள்ளே இருந்த உண்மை

டில்லேனியஸின் ஒப்புமை முற்றிலும் வெறும் பிழைதானா என்பதை இப்போது மீண்டும் பார்க்கலாம். செயல்நோக்கில் அது பிழையே. மாஸின் தூள் எதையும் கருவுறச் செய்வதில்லை. ஆனால் ஹோஃப்மைஸ்டரின் ஒப்பீட்டைப் பூக்கும் தாவரம்வரை கொண்டுசென்றால், மகரந்தத்தூளே ஒரு வித்து என்பது புலனாகிறது. வித்தகத் தாவரத்தின் பையொன்றில் தோன்றுவது, உள்ளே மிகச் சுருங்கிய ஆண் கேமீட்டகத் தாவரம் ஒன்றை வளர்ப்பது என்னும் இரு இயல்புகளும் அதற்கு உண்டு. 1894இல் ஸ்ட்ராஸ்பர்கர் இரு தலைமுறைகளின் வேறுபாட்டைக் குரோமோசோம் எண்ணிக்கையின் பாதியாதலோடு இணைத்தார். மாஸின் வித்துப்பையிலும் பூவின் மகரந்தப்பையிலும் நான்கு நான்காகத் தூள் உருவாவது அதே குன்றல் பகுப்பால்தான்.

அமைப்பொப்புமை நோக்கில், எனவே, மாஸின் வித்துப்பையும் மகரந்தப்பையும் உறவுடையவையே. டில்லேனியஸ் மாஸை மகரந்தத்தைக் கொண்டு விளக்க முயன்றார். மகரந்தத்தை மாஸைக் கொண்டு விளக்கியிருந்தால் விடையின் அருகில் நின்றிருப்பார். அவர் பிழையை முன்னறிவு என்று போற்றுவதும் பொருந்தாது. காம்பும் பையும் தூளும் கண்ணுக்கு ஒத்திருந்தமையன்றி அவரிடம் வேறு காரணம் இல்லை. தற்செயலாகச் சரியான இடத்தைத் தொட்ட விரலுக்கும் வழியறிந்து சென்ற விரலுக்கும் வேறுபாடு உண்டு. ஹெட்விக் அவரை மறுத்தது அவசியமாயிற்று. அம்மறுப்பு இன்றி ஹோஃப்மைஸ்டரின் ஒப்பீடு தொடங்கியே இராது.

மாஸ், லிவர்வொர்ட்டுகளின் பாலுறுப்புப் பற்றிய விவாதம் பிறிதொரு வகையில் 1917இல் பயன் தந்தது. தாவரங்களில் பால் குரோமோசோம்கள் முதன்முதல் கண்டறியப்பட்டது எந்தப் பூஞ்செடியிலும் அன்று. ஸ்ஃபீரோகார்ப்பஸ் என்னும் சிறு லிவர்வொர்ட்டில். கண்டவர் அமெரிக்கரான சார்லஸ் ஆலன்.

லாகூரிலிருந்து ஒரு மறுப்பு

தலைமுறைகளின் தொடர் தெளிவானதும் வடிவங்களின் வரிசை குறித்த கேள்வி எழுந்தது. லிவர்வொர்ட்டுகளுள் ரிக்சியா மிக எளிய அமைப்புடையது. அதன் வித்தகத் தாவரம் காம்பின்றி, தகட்டுக்குள் புதைந்த வெறும் உருண்டை. மார்க்கான்ஷியாவோ காம்பும் குடையும் காற்றறைகளும் உடையது. எளியது முந்தியது, சிக்கலானது பிந்தியது என்று அடுக்குவது இயல்பாகத் தோன்றியது. ஐரோப்பியப் பாடநூல்கள் பல அவ்வாறே அடுக்கின.

இந்திய மாஸ், லிவர்வொர்ட் ஆய்வின் தந்தை எனப் போற்றப்படும் சிவராம் காஷ்யப் இவ்வடுக்கை ஐயுற்றார். 1882இல் ஜீலம் நகரில் பிறந்த அவரும் முதலில் மருத்துவம் பயின்றவர். ஆக்ராவில் மருத்துவப் பள்ளிப் படிப்பை முடித்துப் பணியிலிருந்தபடியே அறிவியற் பட்டங்கள் பெற்றார். 1910 முதல் 1912 வரை கேம்பிரிட்ஜில் பயின்று லாகூருக்குத் திரும்பினார். கோடைவிடுமுறைகளில் மேற்கு இமயத்தில் நடந்து சேகரித்த லிவர்வொர்ட்டுகளில், எந்த நூலிலும் இல்லாத இடைநிலை வடிவங்கள் இருந்தன. ஐட்சிசோனியெல்லா, ஸ்டீஃபன்சோனியெல்லா, தம் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் சீவர்டின் பெயர்தாங்கிய சீவர்டியெல்லா ஆகிய பேரினங்களை 1914, 1915ஆம் ஆண்டுகளில் அவர் நிறுவினார்.

இவ்வடிவங்களில் காம்பு குறுகுவதும் காற்றறைகள் எளிமையடைவதும் படிப்படியாகக் காணப்பட்டன. வறட்சியும் குளிரும் மாறிவரும் சரிவுகளில், வளர்பருவம் சில வாரங்களே நீடிக்கும் இடங்களில், உறுப்பைக் குறைத்துக்கொள்வது ஆதாயமாகும். இதனைக் கொண்டு, எளிய ரிக்சியா மூதாதை அன்று. சிக்கலான முன்னோரிலிருந்து உறுப்புக் குறைந்து வந்த வழித்தோன்றல் என்று காஷ்யப் வாதிட்டார். 1919இல் இந்திய அறிவியல் மாநாட்டின் தாவரவியல் பிரிவுத் தலைமையுரையின் பொருளும் இதுவே. ஐரோப்பாவில் கோபெல் போன்றோர் இக்கருத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தனர். ஆனால் படிநிலைகளைச் செடிகளாகவே கையில் வைத்து வாதிடும் வாய்ப்பு இமயத்தை அறிந்தவர்க்கே இருந்தது. மேற்கு இமயம், பஞ்சாப் சமவெளி ஆகியவற்றின் லிவர்வொர்ட்டுகள் பற்றிய அவருடைய நூலின் முதற்பகுதி 1929இலும், மாணவர் ஆர்.எஸ். சோப்ராவோடு இணைந்து எழுதிய இரண்டாம் பகுதி 1932இலும் லாகூரில் வெளிவந்தன. 1934இல் காஷ்யப் மறைந்தார்.

21ஆம் நூற்றாண்டின் மரபணுவழி உறவுமரங்களில் ரிக்சியா அடிமரத்தில் இல்லை. சிக்கலான தகடுடைய லிவர்வொர்ட்டுகளின் நடுவே, உட்கிளையொன்றில் அமைகிறது. இந்தியப் பல்கலைக்கழகப் பாடநூல்களிலோ ரிக்சியா இன்றும் பெரும்பாலும் முதல் இயலாகவும் மார்க்கான்ஷியா இரண்டாம் இயலாகவும் நிற்கின்றன.